ஓட்டக் காலணியும் ஒலிம்பிக் பணமும்

உலகப் புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள் நிறுவனங்களான அடிடாஸும் பூமாவும் ஜெர்மனியின் ஒரே சிற்றூரில், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரால் தொடங்கப்பட்டவை. அந்தச் சகோதரர்களின் பகைமை 20ஆம் நூற்றாண்டு விளையாட்டின் வணிக முகத்தை வடிவமைத்த காரணிகளுள் ஒன்று. இலவசக் காலணி, வீரருக்கு மறைவாகத் தரப்பட்ட பணம், உலகக் கோப்பைப் போட்டிகளின் விளம்பர உரிமை ஆகியவற்றின் வரலாற்றில் இக்குடும்பத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. விளையாட்டு ஈட்டும் பணத்தில் விளையாடுபவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியும் அந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து எழுகிறது.

சலவை அறையில் தொடக்கம்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகருக்கு அருகே உள்ளது ஹெர்ட்சோகெனாவ்ராக். ஆவ்ராக் என்னும் சிற்றாறு ஊரின் நடுவே ஓடுகிறது. நெசவும் செருப்புத் தயாரிப்பும் அவ்வூர் மக்களின் பழைய தொழில்கள். கிறிஸ்டோஃப் டாஸ்லர் அங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய மனைவி பவ்லினா வீட்டிலேயே சலவைத் தொழில் நடத்தினார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைய மகன் அடால்ஃப், தாயின் சலவை அறையைப் பட்டறையாக மாற்றிக்கொண்டார். வீட்டாரும் ஊராரும் அவரை 'அடி' என்று அழைத்தனர்.

போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தோலும் துணியும் கிடைப்பது அரிது. இராணுவம் விட்டுச்சென்ற பொருள்களிலிருந்து அடி டாஸ்லர் காலணிகள் செய்தார். மின்சாரம் நிலையாக இல்லாததால் மிதிவண்டியின் மிதியைச் சுழற்றி இயந்திரத்தை ஓட்டியதாகவும் கூறப்படுகிறது. அண்ணன் ருடால்ஃப் தொழிலில் சேர்ந்த பின், 1924இல் 'டாஸ்லர் சகோதரர்கள் காலணித் தொழிற்சாலை' பதிவு செய்யப்பட்டது. தம்பி பட்டறையில் உழைத்தார். அண்ணன் விற்பனையைக் கவனித்தார்.

அடி டாஸ்லர் தாமும் ஒரு விளையாட்டு ஆர்வலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் காலணி வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓட்டத்துக்கு அடிப்பகுதியில் ஆணிகள் பொருத்திய 'ஸ்பைக்ஸ்' காலணி, கால்பந்துக்குக் குமிழ்கள் பொருத்திய காலணி என்று தனித்தனியே செய்து பார்த்தார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. அதில் தங்கம் வென்ற ஜெர்மானிய வீராங்கனை லினா ராட்கே டாஸ்லர் காலணி அணிந்திருந்தார்.

பெர்லின், 1936

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் சகோதரர் இருவரும் நாஜிக் கட்சியில் சேர்ந்தனர். விளையாட்டுக்கு அந்த அரசு கொடுத்த முக்கியத்துவம் அவர்களின் தொழிலையும் வளர்த்தது. இருப்பினும் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர்களுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் ஓர் அமெரிக்கக் கறுப்பின வீரர். ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு டாஸ்லர் காலணி கொடுக்கப்பட்டது. 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் என நான்கு தங்கப் பதக்கங்களை அவர் வென்றார். அதன்பின் டாஸ்லர் பெயர் ஜெர்மனிக்கு வெளியேயும் பரவியது.

ஓவன்ஸுக்கு அந்த வெற்றி சோறு போடவில்லை. அக்கால ஒலிம்பிக் விதிப்படி 'அமெச்சூர்' வீரர் மட்டுமே, அதாவது விளையாட்டால் பணம் ஈட்டாதவர் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஒலிம்பிக் முடிந்ததும் அமெரிக்கத் தடகள அமைப்பு ஐரோப்பாவில் தொடர் போட்டிகளுக்கு ஏற்பாடு செய்திருந்தது. வருமானம் அமைப்புக்கு, ஓட்டம் வீரர்களுக்கு. ஓவன்ஸ் அப்பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். உடனே அவருடைய அமெச்சூர் தகுதி பறிக்கப்பட்டது. பின்னாளில் பிழைப்புக்காகக் குதிரைகளுடன் பந்தயம் ஓடும் நிலைக்கு அவர் வந்தார். அவர் கால் பட்டதால் காலணி விற்றது. அந்த விற்பனையில் அவருக்குப் பங்கு கேட்க உரிமை இல்லை.

ஆற்றின் இரு கரைகள்

இரண்டாம் உலகப் போரின்போது டாஸ்லர் தொழிற்சாலை ஆயுத உற்பத்திக்குத் திருப்பப்பட்டது. போர்க்காலத்தில் சகோதரர்களிடையே மூண்ட மனக்கசப்பு போருக்குப் பின் முற்றியது. அதன் காரணம் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. 1948இல் சொத்தும் தொழிலாளர்களும் பிரிக்கப்பட்டனர். அடி, தம் பெயரின் முதல் பகுதியையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து 1949இல் 'அடிடாஸ்' என்ற பெயரைப் பதிவு செய்தார். ருடால்ஃப் அதே முறையில் 'ருடா' என்று முதலில் பெயர் வைத்து, பிறகு 'பூமா' என மாற்றினார்.

இரு நிறுவனங்களும் ஆவ்ராக் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இயங்கின. ஊரும் இரண்டாகப் பிரிந்தது. எதிரே வருபவர் எந்த நிறுவனத்தின் காலணி அணிந்திருக்கிறார் என்று பார்த்த பிறகே பேச்சுக் கொடுப்பார்கள் என்பதால், அது 'குனிந்த கழுத்துகளின் ஊர்' என்று பெயர் பெற்றது.

1954 உலகக் கோப்பைக் கால்பந்து அடிடாஸுக்கு வாய்ப்பாக அமைந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஜூலை 4 அன்று நடந்த இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை எதிர்கொண்டது. முந்தைய சுற்றில் 8-3 என்று ஜெர்மனியைத் தோற்கடித்திருந்த அணி அது. மழையில் களம் சேறாகியிருந்தது. அணியுடன் பயணம் செய்த அடி டாஸ்லர், கழற்றி மாற்றக்கூடிய திருகு குமிழ்களைக் கொண்ட காலணிகளைக் கொடுத்திருந்தார். சேற்றுக்கு ஏற்ற நீளமான குமிழ்கள் பொருத்தப்பட்டன. முதல் எட்டு நிமிடங்களில் 0-2 எனப் பின்தங்கிய ஜெர்மனி 3-2 என வென்றது. வெற்றியில் திறமைக்கு எவ்வளவு, குமிழுக்கு எவ்வளவு என்று எவரும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் 'வெல்பவர் அணிவது இதுவே' என்ற செய்தி உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. அத்தகைய குமிழ்களை முதலில் செய்தது தாங்களே என்று பூமாவும் உரிமை கொண்டாடியது.

இலவசக் காலணியிலிருந்து ரகசியப் பணம் வரை

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அடி டாஸ்லரின் இருபது வயது மகன் ஹோர்ஸ்ட் ஒரு புதிய வழியைக் கையாண்டார். வீரர்களுக்குக் காலணிகளை இலவசமாகவே கொடுத்தார். வென்றவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தபோது மூன்று கோடுகளும் சேர்ந்தே அச்சாயின. காலணியின் பக்கவாட்டுக் கோடு அன்றிலிருந்து விளம்பரப் பலகையாகச் செயல்பட்டது.

பூமாவும் பின்வாங்கவில்லை. போட்டி முற்றியபோது இலவசக் காலணியோடு பணமும் கைமாறத் தொடங்கியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்ற ஜெர்மானிய வீரர் அர்மின் ஹாரி, ஓடும்போது பூமாவும் பதக்க மேடையில் அடிடாஸும் அணிந்திருந்தார். இரு தரப்பிலும் ஆதாயம் பெறவே அவர் அப்படிச் செய்தார் என்று பேசப்பட்டது.

அதே ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி, அது அன்றைய உலகின் மிகச் சிறந்த நேரமும் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணியினர் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில் மட்டுமே தோற்றிருந்தனர். காலணியால்தான் வெற்றி என்ற விளம்பரத்துக்கு இவை சங்கடமான சான்றுகள். 1964இல் டோக்கியோவில் பிகிலா மீண்டும் தங்கம் வென்றார். அப்போது அவர் காலில் பூமா இருந்தது.

மெக்சிகோ மேடையில் ஒரு காலணி

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின்போது காலணிக்குள் பணம் வைத்துக் கொடுப்பது வீரர்களிடையே ஊரறிந்த ரகசியம். அவ்வாண்டு பூமா, அடியில் தூரிகை போல நுண்ணிய ஆணிகள் அடர்ந்த ஒரு காலணியை அறிமுகம் செய்தது. அதை அணிந்து ஜான் கார்லோஸ் ஒலிம்பிக்குக்கு முன் 200 மீட்டரில் ஓடிய சாதனை நேரம் ஏற்கப்படவில்லை. ஆணிகளின் எண்ணிக்கை விதியை மீறியது என்பதே காரணம்.

அக்டோபர் 16 அன்று 200 மீட்டர் இறுதி ஓட்டத்தில் டாமி ஸ்மித் 19.83 விநாடியில் தங்கமும், ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன் வெள்ளியும், கார்லோஸ் வெண்கலமும் வென்றனர். ஸ்மித்தும் கார்லோஸும் காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் மேடையேறினர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வறுமையை அது குறித்தது. தேசிய கீதம் ஒலித்தபோது இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினர். அதே மேடையில், அவர்கள் கையோடு கொண்டுவந்த பூமா காலணியும் இருந்தது. வறுமையைச் சொல்லக் கழற்றிய காலணியே நிறுவனத்தின் அடையாளமாகவும் புகைப்படத்தில் பதிந்தது. இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக் கிராமத்தைவிட்டு அனுப்பப்பட்டனர்.

அன்று பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஆவெரி பிரண்டேஜ், அமெச்சூர் விதியை விடாப்பிடியாகக் காத்தவர். 1972 சப்போரோ குளிர்கால ஒலிம்பிக் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, பனிச்சறுக்குப் பொருள் நிறுவனங்களுடன் தொடர்பு வைத்திருந்தார் என்று ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் நீக்கப்பட்டார். வியன்னாவில் பெருங்கூட்டம் திரண்டு அவரை வரவேற்றது. பலரும் செய்ததற்கு ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்பதே மக்களின் எண்ணம்.

போட்டியே விற்பனைப் பொருளாதல்

1970களில் ஹோர்ஸ்ட் டாஸ்லரின் கவனம் தனி வீரரிலிருந்து விளையாட்டு அமைப்புகளின் பக்கம் திரும்பியது. 1974இல் ஃபிஃபா தலைவரான ஜோவாவ் அவலாஞ்சுடன் அவர் நெருங்கிப் பழகினார். கொக்கக் கோலா போன்ற நிறுவனங்கள் உலகக் கோப்பையின் விளம்பரதாரர்களாகச் சேர்ந்தன. 1982இல் ஹோர்ஸ்ட் தொடங்கிய ஐ.எஸ்.எல். என்னும் நிறுவனம் போட்டிகளின் விளம்பர உரிமைகளை மொத்தமாக வாங்கி விற்றது.

1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக் விட்டுச்சென்ற கடனை அடைக்க 30 ஆண்டுகள் ஆயின. அதற்கு மாறாக, 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தனியார் பணத்தில் நடந்து 20 கோடி டாலருக்கும் மேல் உபரி ஈட்டியது. ஒரு துறைக்கு ஒரே விளம்பரதாரர் என்று எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றியது அதன் உத்திகளுள் ஒன்று. 1985இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஐ.எஸ்.எல். உதவியுடன் இம்முறையை உலக அளவில் விரித்து 'டாப்' என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது.

அமைப்புகள் வெளிப்படையாகப் பணம் ஈட்டத் தொடங்கியபின் வீரர் மட்டும் ஈட்டக்கூடாது என்ற விதி நிலைக்கவில்லை. அமெச்சூர் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1992 பார்சிலோனாவில் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஒருவரான மைக்கேல் ஜோர்டான் 1984இல் நைக்கியுடன் ஒப்பந்தம் செய்து, தம் பெயரிலேயே காலணி வெளிவரக் கண்டவர்.

இன்றைய நிலை

விதிக்கும் கருவிக்கும் இடையிலான மோதல் இன்றும் தொடர்கிறது. கார்பன் தகடு பதித்த தடித்த அடிப்பகுதிக் காலணிகள் மாரத்தான் நேரங்களைக் குறைத்ததால், 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கலாகாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று வரம்பு விதித்தது. 1968இல் ஆணிகளை எண்ணியவர்கள் இன்று மில்லிமீட்டரை அளக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வியும் முடியவில்லை. ஒலிம்பிக் நாள்களில் வீரர்கள் தம் சொந்த விளம்பரதாரரைக் குறிப்பிடுவதைக் கட்டுப்படுத்தும் 40ஆம் விதி 2019இல்தான் தளர்த்தப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத்தின் ஒவ்வொரு தங்கத்துக்கும் உலகத் தடகள அமைப்பு 50,000 டாலர் பரிசளித்தது. ஒலிம்பிக் வரலாற்றில் ஒரு பன்னாட்டு விளையாட்டு அமைப்பு இப்படிப் பரிசுப்பணம் கொடுத்தது அதுவே முதல் முறை. பெர்லினில் ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்று அப்போது 88 ஆண்டுகள் கடந்திருந்தன.

ருடால்ஃப் 1974இலும் அடி 1978இலும் மறைந்தனர். இருவரும் ஒரே கல்லறைத் தோட்டத்தின் எதிரெதிர் முனைகளில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 2009 செப்டம்பரில் இரு நிறுவனங்களின் பணியாளர்களும் ஹெர்ட்சோகெனாவ்ராக் ஊரில் நட்புக் கால்பந்து ஆட்டம் ஒன்றை ஆடினர்.