ஆண்மரமும் பெண்மரமும்: வளர்ச்சியை அளந்த வரலாறு

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதிய கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், மாசிடோனிய மரவெட்டிகளும் ஐடா மலைவாழ் மக்களும் காட்டுமரங்களை ஆண், பெண் எனப் பிரித்து வழங்கியதைப் பல இடங்களில் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பகுப்புக்குப் பூ அடிப்படையாக இருக்கவில்லை. முறுக்கும் கணுவும் மிகுந்து கோடரிக்கு எளிதில் இணங்காத மரம் ஆணாகவும், நேராக ஓங்கி வளர்ந்து இழைப்பதற்கு இசைவான மரம் பெண்ணாகவும் கொள்ளப்பட்டன. ஈட்டிக் கம்புக்குப் பெயர்பெற்ற வன்மரமான கார்னல், ஒவ்வொரு பூவிலும் மகரந்தத் தாளும் சூலகமும் சேர்ந்தே அமைந்த இருபால் மரமாக இருந்தும் ஆண்மரம் என்றே அழைக்கப்பட்டது. லின்னேயஸ் 1753இல் அதற்கு இட்ட அறிவியல் பெயரான கார்னஸ் மாஸ் என்பதிலும் அந்தப் பழைய எண்ணமே நிலைத்துவிட்டது. ஆண் பேரீச்சையின் பூந்தூளைப் பெண்மரத்தின் காய்கள்மீது உதிர்க்கும் வழக்கத்தைத் தெளிவாக விவரித்த அதே தியோஃபிராஸ்டஸின் காலத்தில், மிதவெப்பக் காடுகளின் மரங்களுக்கு மட்டும் வைரத்தின் வன்மையே பாலினமாகக் கருதப்பட்டது வியப்புக்குரியது.

இந்தக் கருத்து ஆட்டங்காண ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் தாவரத் தோட்டத்தைக் கவனித்துவந்த ருடால்ஃப் யாகோப் கமராரியஸ், அருகில் ஆண்மரம் இல்லாத பெண் மல்பெரி பழுத்தாலும் அதன் விதைகள் உள்ளீடற்றிருப்பதை 1691இல் கவனித்தார். பிறகு மெர்குரியாலிஸ் என்னும் சிறுசெடியில் பெண்செடிகளைத் தனியே பிரித்து வளர்த்தும், வேறு சில பயிர்களைச் சோதித்தும், மகரந்தம் சேராமல் முளைக்கும் விதை உருவாவதில்லை என்று நிறுவி, அம்முடிவுகளை 1694இல் நீண்ட கடிதமாக வெளியிட்டார். பனையைப் போல ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு மரங்களில் தோன்றும் இனங்களை ஈரில்லத் தாவரங்கள் என்பர். வில்லோ, பாப்ளர், ஹாலி, யூ முதலிய மிதவெப்பக் காட்டு மரங்கள் இவ்வகையின என்பது கமராரியஸுக்குப் பின்னரே ஐயமற விளக்கம் பெற்றது. ஆயினும் மரத்தின் பாலினத்துக்கும் அது பருக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை நெடுங்காலம் எவரும் முறையாக எழுப்பவில்லை.

அதற்கு வேண்டிய கருவி வனத்துறையின் கணக்கு வழக்கிலிருந்து வந்தது. தாரண்ட் நகர வனக்கல்லூரியில் பணியாற்றிய மாக்ஸ் ராபர்ட் பிரெஸ்லர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய வளர்ச்சித் துளைக்கருவி, மரத்தை வெட்டாமலேயே பட்டையிலிருந்து நடுத்தண்டுவரை மெல்லிய கோல் ஒன்றை உருவியெடுத்து, ஆண்டுக்கொன்றாகத் தண்டில் படியும் வளையங்களின் அகலத்தை அளக்க வழிசெய்தது. விளைச்சலைக் கணக்கிடுவதற்காகத் தோன்றிய இக்கருவி, உயிருள்ள ஆண்மரத்தையும் பெண்மரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பைப் பின்னாளில் அளித்தது.

நியூசிலாந்தின் டேவிட் லாயிடும் அவருடன் பணியாற்றிய வெப்பும் 1977இல் வெளியிட்ட ஆய்வுரை, தாவரங்களில் பூவுக்கு அப்பாற்பட்ட பாலின வேறுபாடுகளைத் தொகுத்து இத்துறைக்குத் திசைகாட்டியது. ஆண்மரம் மகரந்தத்தை உதிர்த்ததும் அதன் செலவு முடிந்துவிடுகிறது. பெண்மரமோ விதையையும் சதையையும் பல மாதங்கள் ஊட்டி வளர்க்க வேண்டியிருப்பதால் தண்டுக்குச் செல்லவேண்டிய உணவு குறைகிறது என்பது பெண்மரம் மெதுவாகப் பருப்பதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். இதற்கு யூ மரம் நல்ல சான்று. போலந்தில் நடந்து 2011இல் வெளியான வளைய ஆய்வு, பெண் யூ மரங்களின் வளையங்கள் ஆண்மரங்களினுடையவற்றைவிடக் குறுகியிருப்பதைக் காட்டியது.

ஆனால் இதையே பொதுவிதியாக்குவது பிழை. கொலராடோவின் ஆஸ்பென் மரங்களை ஆராய்ந்து கிராண்ட், மிட்டன் இருவரும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, பெண்மரங்களே அதிகம் பருத்திருந்தன என்றும், நிலத்தின் உயரம் கூடக்கூட ஆண்மரங்களின் விகிதம் பெருகியது என்றும் கூறியது. யூட்டாவின் பாக்ஸ் எல்டர் மேப்பிளில் பெண்மரங்கள் ஓடைக்கரைகளிலும் ஆண்மரங்கள் வறண்ட சரிவுகளிலும் மிகுந்திருப்பதை டாசனும் எலரிங்கரும் 1993இல் விளக்கினர்; பெண்மரம் இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்து நீரைச் செலவிட்டு அதிக உணவு தயாரிக்கிறது, ஆண்மரம் நீரைச் சிக்கனமாகக் கையாள்கிறது. விதைச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு நீர் கிடைக்கும் நிலத்தில் பெண்மரம் பின்தங்கவேண்டியதில்லை என்று கொள்வதே இச்சான்றுகளுக்குப் பொருந்தும். எனவே மரம் நிற்கும் இடத்தைச் சொல்லாமல் பாலினத்தை மட்டும் சொல்லும் ஒப்பீடு அரைகுறையானது.

இவ்வாய்வுகள் அனைத்துக்கும் பொதுவான தடை ஒன்று இருந்தது. ஈரில்ல மரம் பூக்கும்வரை அதன் பாலினத்தைக் கண்ணால் அறிய முடியாது. பூப்பதற்கோ பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வளர்ச்சி வேறுபாடு விதைச் செலவால் விளைந்ததா, கன்றுப் பருவத்திலேயே இருந்ததா என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பாப்ளர் இனங்களில் பாலினத்தைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு 2020இல் அடையாளங்காணப்பட்டதால், இப்போது ஓர் இலைத்துண்டைக் கொண்டே இளங்கன்றின் பாலினத்தை அறிந்து, முதற்பூவுக்கு முந்தைய ஆண்டுகளின் வளர்ச்சியைத் தனியே அளக்க முடிகிறது.