சபையிலே பழகிய ஆங்கிலம்

ஆங்கில பாஷையைப் படித்துத் தேறியவர்கள் பலர் இருந்தும், நாலு பேர் கூடிய இடத்தில் அதை வாய்விட்டுப் பேசக் கூசாதவர்கள் சிலரே என்னும் குறை நேற்றுத் தோன்றியதன்று. அந்தப் பாஷை சென்னையில் வேரூன்றிய சரித்திரத்தைச் சற்று நிதானமாக நோக்கினால், குறை பிறந்த இடமும் முன்னோர் அதைத் தீர்த்துக்கொண்ட வழியும் ஒருங்கே விளங்கும்.

புனித ஜார்ஜ் கோட்டை எழுந்த 1640-ஆம் ஆண்டு முதற்கொண்டு நெடுங்காலம், வெள்ளைக்கார வர்த்தகர்களுக்கும் நாட்டு மக்களுக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுத்தவர்கள் துபாஷிகளே. ஆங்கிலப் பள்ளிகள் அரிதாயிருந்த அக்காலத்தில், அவர்களிற் பெரும்பாலோர் கிடங்கிலும் கணக்கறையிலும் காதாற் கேட்டு, பேரம் பேசிப் பேசியே நாவைத் திருத்திக்கொண்டனர். அவ்வாறு வாழ்ந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமான பின்பு, அவர் தருமத்துக்கென்று விட்டுச்சென்ற செல்வம் பல்லாண்டு வழக்குகளிற் சிக்கி மீண்டு, 1842-இல் ஒரு வித்தியாசாலைக்கு மூலதனமாயிற்று.

வித்தியாசாலைகள் பெருகவே நிலைமை மாறியது. 1835-இல் பெண்டிங்க் பிரபு ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கத்தின் ஆதரவு என்று தீர்மானித்தார்; 1841-இல் தோன்றிய சென்னை உயர்தரப் பள்ளி பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது; 1857-இல் சர்வகலாசாலையும் ஸ்தாபிதமாயிற்று. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் உத்தியோகத்துக்கு வாயிலாக அமைந்த பரீக்ஷை பெரும்பாலும் எழுத்தினாலேயே நடந்தமையால், மாணாக்கன் இலக்கண விதிகளை நெட்டுருப் பண்ணினானேயன்றி, அவற்றை நாவிலே நடமாடவிட அவகாசம் பெற்றானில்லை. பிழை செய்தால் எண் குறையும் என்று பரீக்ஷை மண்டபத்தில் பழகிய அச்சம், சபையிலும் அவன் வாயை அடைத்தது.

இவ்வச்சத்துக்குப் பரிகாரம் வகுப்பறைக்கு வெளியேதான் கிடைத்தது. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பொதுவிஷயங்களை விவாதித்து வந்த இளைஞர்கள், முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் பத்திரிகைகள் இழித்தெழுதக் கண்டு வெகுண்டனர். உபாத்தியாயர் இருவரும் சட்ட மாணாக்கர் நால்வருமாக அறுவர் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-இல் ‘ஹிந்து’ வாரப் பத்திரிகையின் எண்பது பிரதிகளை அச்சிட்டு வெளியிட்டனர். அந்த உபாத்தியாயர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே, 1885-இல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபையில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர். சங்கத்துத் தோழர்களிடையே பேசிப் பழகிய நாவு, தேசத்தின் பிரதிநிதிகள் முன்னிலையில் தடுமாற வேண்டிய காரணம் என்ன?

அதே திருவல்லிக்கேணியில் ஹிந்து உயர்தரப் பள்ளித் தலைமை ஆசிரியராயிருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், 1907-இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1921-இல் லண்டனில் நடந்த சாம்ராஜ்ய மகாநாட்டில் இந்தியாவின் சார்பாகப் பேசியதும், மறு ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா தேசங்களில் பிரசங்கம் புரிந்ததும், ‘வெள்ளிநாக்குச் சொல்லாளர்’ என்று ஆங்கிலேயராலேயே புகழப்பெற்றதும் யாவரும் அறிந்தவை. அவர் உச்சரிப்பில் காட்டிய சிரத்தை பிரசித்தமானது. ஆனால் அந்தச் சிரத்தைக்குச் சபை அஞ்சாமையும், கடல் கடந்து குடியேறிய இந்தியரின் உரிமைக்காக வாதாட வேண்டும் என்ற உறுதியும் துணை நின்றிராவிட்டால், அவர் நல்ல ஆங்கில ஆசிரியர் என்ற பெயரோடு நின்றிருப்பார்.

இவர்களுள் ஒருவரும் ஆங்கிலம் பேசும் பொருட்டே ஆங்கிலம் பேசியவரல்லர்; சொல்லத்தக்க விஷயம் முன்னே இருந்தது, பாஷை பின்னே வந்தது. தமிழ் மக்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று 1882-இல் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அந்தச் சுப்பிரமணிய ஐயரே. ஆதலால், முப்பது நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்யும் புஸ்தகங்களை வாங்கி அடுக்கும் இளைஞர்கள், வாரம் ஒரு மாலை ஒத்த வயதினர் நாலைந்து பேரைக் கூட்டி, ஊர்க் காரியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிழைக்கு அஞ்சாமல் விவாதித்துப் பழகுவார்களாக.