உப்புத் தண்ணிக்கு எந்தப் பூச்செடி? பேசின் பிரிட்ஜ் சொல்லும் கதை

எங்க ஊர்ல மாடு வாங்கப் போனா விலையை அப்புறம்தான் பேசுவோம். "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்த மாடு?" என்பதுதான் முதல் கேள்வி. மேட்டுக்காட்டுல மேய்ஞ்ச மாட்டைக் கொண்டுவந்து சேத்துல கட்டினா அது தேறாது. பூச்செடிக்கும் இதே கணக்குதான். ஆனா பட்டணத்துல இந்தக் கேள்வியைக் கேக்கிறவங்க குறைவு. நர்சரியில எது பூத்து நிக்குதோ அதைத் தூக்கிட்டு வந்துடறாங்க.

எங்க அக்கா வாக்கப்பட்ட இடம் பேசின் பிரிட்ஜ். வாசல்ல நாலடி இடம், மேல ஒரு மொட்டைமாடி. வருஷத்துக்கு ரெண்டு ரோஜாச்செடி வாங்கும். ரெண்டும் மூணு மாசத்துல இலை ஓரம் கருகிச் செத்துடும். "நம்ம ஏரியால எதுவும் வராதுடா தம்பி" என்று சொல்லும். வடசென்னைக்காரங்க பல பேர் இதையே சொல்லிக் கேட்டிருக்கேன். மண்ணைச் சொல்ற மாதிரி தங்களையே சொல்லிக்கிறாங்களோன்னு தோணும். அந்தப் பேச்சு சரியில்லை. ஏன்னு புரிய, அந்த இடத்தோட பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கணும்.

உப்பும் புகையும்

1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு ஒரு கால்வாய் ஓடியது. பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் அது காக்ரேன் கால்வாய். பிறகு வடக்கே ஆந்திரா வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தின்போது, பசியில் வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு துண்டு வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. படகுகள் நின்று சரக்கு இறக்க வெட்டிய அகலமான நீர்த்துறைதான் 'பேசின்'. அதையொட்டி வந்த பாலத்தால் ஊருக்கு இந்தப் பெயர்.

பக்கத்திலேயே சால்ட் கோட்டர்ஸ். இதைக் 'குவார்ட்டர்ஸ்' என்று நினைத்துவிட வேண்டாம். கிடங்கு என்று பொருள்படும் நம்ம 'கொட்டாரம்'தான் ஆங்கிலத்தில் அப்படித் திரிந்தது. வடக்கே இருந்த உப்பளங்களின் உப்பு படகில் வந்து இங்கேதான் குவிந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்க, கரி எஞ்சின் புகையும் வந்து சேர்ந்தது. பிறகு கரியில் ஓடும் மின்நிலையம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. ஆக உப்பு, புகை, சாம்பல் மூணும் இந்தப் பக்கத்துக்குப் பரம்பரைச் சொத்து.

கப்பலில் வந்த பூக்கள்

நம்ம வீட்டுப் பூச்செடிகளில் பாதி வெளிநாட்டுக்காரங்கதான். அந்தக் காலத்தில் செடியைக் கப்பல் தளத்தில் வைத்துக் கொண்டுவருவார்கள். கடல் உப்புச் சாரல் பட்டே பெரும்பாலும் செத்துப்போகும். சென்னையில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரை சேர்க்கணும். துறைமுக வேலை தொடங்கியதே 1870களில்தான்.

இதற்கு வழி கண்டவர் நத்தானியல் வார்டு என்ற லண்டன் டாக்டர். அவர் வீடும் நம்ம பேசின் பிரிட்ஜ் மாதிரிதான்: கப்பல்துறைக்குப் பக்கம், சுத்திலும் கரிப்புகை. ஆசையாக வைத்த பெரணிச்செடி எதுவும் பிழைக்கவில்லை. 1829-ல், ஒரு பூச்சிக்கூட்டை மண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த மண்ணில் பெரணி தானாக முளைத்தது. அதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833-ல் அதில் செடி வைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப, உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் செடிகள் இடம் மாறியதில் அந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. புகையில் செடி வளர்க்க முடியாமல் தவித்த ஒரு மனுஷன்தான் இதற்கு வழி செய்தார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சென்னையில் 1835-ல் ராபர்ட் வைட் என்ற டாக்டரின் முயற்சியில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. பிறகு, ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில், பேசின் பிரிட்ஜுக்குத் தெற்கே பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்கா உருவானது. இன்றைக்கு ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. எதுவும் வராது என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலேயே நகரத்தின் பெரிய பூங்கா இருந்திருக்கிறது!

பூர்வீகம் கேட்டு வாங்குங்க

காகிதப்பூ (போகன்வில்லா): சொந்த ஊர் பிரேசில் பக்கம். 1760களில் போகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதியோடு போன கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் இதைக் கண்டு, தளபதி பெயரை வைத்தார். அவருக்கு உதவியாளாக ஆண் வேஷத்தில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நாம் பூ என்று நினைப்பது நிறம் மாறின இலைதான். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. உப்புக்காத்து, வெயில் எல்லாம் தாங்கும். தினமும் தண்ணி ஊத்தினா இலையாத் தள்ளும். தொட்டி மண் நல்லாக் காய்ஞ்சு, இலை லேசாத் தொங்கின பிறகு ஊத்துங்க, பூத்துக் கொட்டும்.

நித்தியகல்யாணி: மடகாஸ்கர்க்காரி. எங்க பக்கம் 'சுடுகாட்டு மல்லி' என்று ஒதுக்கி வைப்பார்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து இதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் யாரும் மென்று பார்க்க வேண்டாம், செடி நஞ்சு. மணல் கலந்த மண் போதும். தண்ணி தேங்கினாத்தான் வேர் அழுகும்.

டேபிள் ரோஸ்: தென்னமெரிக்கா. சாறு நிறைந்த இலை என்பதால் வறட்சி தாங்கும். நேர் வெயில் இல்லாவிட்டால் பூ விரியாது.

அரளி: நெடுஞ்சாலை நடுவில் டீசல் புகையில் பூத்து நிற்கிறதே, அதைவிட வேறென்ன சாட்சி வேணும்? ஆனா எல்லாப் பாகமும் விஷம். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

இனி, கஷ்டப்படும் செடிகள். இட்லிப்பூ நம்ம மண்ணின் பிள்ளை. சங்க காலத்து வெட்சி இதுதான். ஆனா புளிப்பு மண் கேட்கும். உப்பு போர் தண்ணியில் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மல்லிகைக்கும் உப்பு ஆகாது. அக்கா வாங்கிய ரோஜா ஓசூர்ப் பக்கத்துச் செடி. அது கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்குக் கிட்ட இருக்கும் குளிர்ச்சியான மேட்டு நிலம். அதைக் கொண்டுவந்து பேசின் பிரிட்ஜ் மே மாச வெயிலில் வைத்து, உப்புத் தண்ணி ஊத்தினா அது என்ன செய்யும், பாவம்? ரோஜாதான் வேணும்னா பன்னீர் ரோஜா வைங்க. வெயில் தாங்கும். தண்ணி மட்டும் நல்ல தண்ணியா இருக்கணும்.

பராமரிப்புக்கு நாலு வார்த்தை

ஆர்.ஓ. மிஷின் கழிவுத் தண்ணியைத் தொட்டியில ஊத்தாதீங்க, போர் தண்ணியை விட அதில் உப்பு அதிகம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணியில் உப்பே கிடையாது. வாளி வச்சுப் பிடிச்சு இட்லிப்பூவுக்கும் மல்லிக்கும் கொடுங்க. பெயின்ட் டப்பாவில் வைத்தால் அடியில் நாலு ஓட்டை கட்டாயம் வேணும். மேல் மண்ணில் வெள்ளை பூத்தால் அது உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளைத் திறந்த வெளியில் வைங்க. மழைத் தண்ணி உப்பைக் கரைச்சு ஓட்டை வழியா வெளியே தள்ளும். வாரம் ஒருமுறை இலைமேல் படிந்த தூசியைக் கழுவி விடுங்க, இலை மூச்சு விடணும். மல்லியைக் கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ணினா பங்குனியில் மொட்டு வைக்கும்.

போன வருஷம் அக்கா வீட்டுக்கு ரெண்டு காகிதப்பூக் குச்சியும் ஒரு பிடி டேபிள் ரோஸ் தண்டும் கொண்டுபோய் நட்டேன். செலவு ஒன்றும் இல்லை. இப்போ மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க ராணி கலர். பக்கத்து வீட்டு ஆயா குச்சி கேட்டு வாங்கிட்டுப் போச்சாம். மண்ணைக் குறை சொல்லாதீங்க. எங்கெங்கிருந்தோ உப்புக் கடலைத் தாண்டி வந்த செடிகள் இருக்கு. அதுங்களுக்கு உப்பு ஊர் ஒண்ணும் புதுசு இல்ல.