ஆப்பிரிக்காவில் இருந்து வரும் சுடலைக்குயில்: பலமனேர் பகுதிக்கு உரியது எந்த வகை?

பருவமழையின் தூதுவனாக வட இந்தியாவில் போற்றப்படும் பறவை சுடலைக்குயில். சமஸ்கிருத இலக்கியத்தின் சாதகப் பறவை இதுவே எனக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்காவில் இருந்து அரபிக்கடலைக் கடந்து, தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டி இது வட இந்தியாவை வந்தடைகிறது. இதன் பயணப் பாதையை அறிய, இந்திய வனவிலங்கு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு 2 பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தியது.

ஆனால், ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தின் பலமனேர் அமைந்துள்ள தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய துணையினம் வேறு. உருவில் சற்றுச் சிறிய இப்பறவை பெரும்பாலும் இங்கேயே தங்கி வாழ்கிறது. எனவே, இதன் குரலை மட்டும் நம்பி மானாவாரி விவசாயி விதைப்பில் இறங்குவது பொருத்தமாகாது. 1783-ஆம் ஆண்டு நெதர்லாந்து அறிஞர் பீட்டர் போடார்ட் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியதும் ஆப்பிரிக்கப் பறவையைக் கொண்டு அல்ல. சோழமண்டலக் கரைப் பறவையின் ஓவியத்தைக் கொண்டே.

மேற்புறம் கருப்பு, அடிப்புறம் வெள்ளை, தலையில் கொண்டை. நீளம் சுமார் 33 செ.மீ. புதர்க்காடுகளில் வாழும் இதற்குக் கம்பளிப்புழுக்கள் விருப்ப உணவு.

சுடலைக்குயில் கூடு கட்டுவதில்லை. இந்தியாவில் தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடுகிறது. இரண்டின் முட்டைகளும் நீல நிறம் என்பதால் வேறுபாடு தெரிவதில்லை. தென் ஆப்பிரிக்காவிலோ இது வெள்ளை முட்டையிடுகிறது. அது தங்கள் முட்டையைப் போல இல்லாதபோதும், அங்குள்ள கொண்டைக்குருவிகள் அடைகாக்கின்றன என்பதுதான் வியப்பு. வேறு சில குயில் இனங்களைப் போல, இதன் குஞ்சு உடனிருக்கும் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளுவதில்லை. எனினும், இரைக்கான போட்டியில் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.