பெயரில்லாத படங்கள்



1870, 71ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் என்ற வெள்ளைக்காரர் அரசாங்கத்துக்காக அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படம்பிடித்தார். பிலிம் வராத காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, பக்கத்திலேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். நம்ம பக்கத்து வெயிலில் அது லேசான வேலையா?

1875இல் இலங்கைக்குக் குடிவந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் களுத்துறையில் ஏழை எளியவர்களைப் படமெடுத்தார். முகங்கள் இன்றும் இருக்கின்றன. பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் பழைய மரக்கமரா ஒன்றோடு சனிக்கிழமை கற்பிட்டிக்குப் போனோம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் ஒல்லாந்தர் கோட்டை வாசல் தலைகீழாகத் தெரியும். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கையில் இருந்தது நாலே நாலு பிலிம் தாள். எதை எடுப்பது என்று வாக்குவாதம். கடைசி இரண்டையும் கரைக்கே வைத்தோம். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் வள்ளங்களில் வந்திறங்கிய கரை அது. உயிரைக் கொண்டுவந்ததே பெரிது, அல்ஹம்துலில்லாஹ். கலியாணப் படத்தை யார் எடுத்து வருவார்?

அதற்கு முந்திய படம் எவரிடமாவது மிஞ்சியிருந்தால் எங்களுக்குக் காட்டுங்கள், பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம். மூத்தம்மா, அப்பா இருக்கும்போதே யார் யாரென்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பேனை வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.