ஒரு வீடு, நான்கு காகிதங்கள்: சொத்து ஆவணங்கள் வந்த கதை

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நான்கு தலைமுறையாக வாழும் ஒரு குடும்பத்தின் பழைய பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மிகப் பழைய பத்திரத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருக்கும். அடுத்ததில் 'இராமநாதபுரம் ஜில்லா'. அதற்கடுத்து 'காமராஜர் மாவட்டம்'. கடைசியில் 'விருதுநகர் மாவட்டம்'. வீடு ஓர் அடிகூட நகரவில்லை. 1910, 1985, 1997 ஆகிய ஆண்டுகளில் நடந்த மாற்றங்களால் மாவட்டத்தின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது.

மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். சொத்து வழக்குக்காகச் சுற்று வட்டாரத்து மக்கள் மஞ்சள் பையில் காகிதங்களைச் சுமந்துகொண்டு அங்கே வருகிறார்கள். "பட்டா என் பேரில்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு கேசு?" என்பது இப்படிப் பலரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு காகிதமும் எப்போது, எதற்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

1. பட்டா: வரி கட்டுவது யார்?

பட்டா என்பது வரி வசூலுக்காகப் பிறந்தது. 1792க்குப் பிறகு பாராமகால் பகுதியில் கர்னல் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இடைத்தரகர் இல்லாமல் உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். மன்றோ 1820இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானதும் அது மாகாணம் முழுவதற்குமான பொது முறையாயிற்று. இந்த நிலத்துக்கு இவ்வளவு தீர்வை, கட்ட வேண்டியவர் இவர் என்று அரசு எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா.

ஆனால் எல்லா இடத்திலும் ரயத்துவாரி வரவில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேத்தூர் ஜமீனாக இருந்தது. ஜமீன் நிலங்களில் உழவர் ஜமீனுக்குக் கட்டுவார், ஜமீன்தார் அரசுக்குப் பேஷ்குஷ் கட்டுவார். அங்கே பட்டா கொடுத்ததும் ஜமீன்தான். உழுபவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பை 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் கொடுத்தது. பிறகு 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. அது நடைமுறைக்கு வந்த 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (அன்று முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்) இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசுவாமி ராஜா என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் 1979 முதல் 1987 வரை தமிழகம் முழுவதும் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பெரிய வேலை நடந்தது. இதைத்தான் இன்றும் மக்கள் 'யு.டி.ஆர்.' என்கிறார்கள். அப்போது பல குடும்பங்களில் எல்லோருக்கும் பொதுவான நிலம் மூத்த அண்ணன் ஒருவர் பெயரில் மட்டும் ஏறிவிட்டது. அண்ணன் காலம் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய பிள்ளைகள் விற்கப் போகும்போதுதான் பிரச்சினை வெடிக்கிறது.

வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் மட்டும் உரிமை வந்துவிடாது, பெயர் விட்டுப்போனதால் உரிமை போய்விடவும் செய்யாது என்று உச்ச நீதிமன்றம் 1996இலும் அதற்குப் பிறகு பலமுறையும் சொல்லியிருக்கிறது. கடைப் பேரேட்டில் ஒருவர் பெயரில் ஒரு பக்கம் இருந்தால் கடையே அவருடையது ஆகிவிடுமா? அதுபோலத்தான் இதுவும். பட்டா முக்கியமான சான்று. ஆனால் அதுவே முழு உரிமை அல்ல.

2. பத்திரம்: யார், யாருக்குக் கொடுத்தார்?

பதிவுச் சட்டம் வருவதற்கு முன் நிலம் கைமாறியது ஓலையிலும் காகிதத்திலும் சாட்சிகளின் சொல்லிலும்தான். போலி ஓலை எழுதுவதும், பழைய தேதியைப் போடுவதும், ஒரே நிலத்தை இரண்டு பேருக்கு விற்பதும் எளிதாக இருந்தது. இதைத் தடுக்க 1864இல் வந்த பதிவுச் சட்டம் அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவுப் பத்திரம் மூலமாகத்தான் விற்க முடியும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அந்த 100 ரூபாய் இன்று ஒரு சதுர அடிக்குக்கூடக் காணாது. ஆனாலும் சட்டத்தில் அந்தத் தொகை அப்படியேதான் இருக்கிறது.

இங்கே பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. எழுதிக் கொடுப்பவர் அவரே தானா, சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டாரா என்பதைச் சார்பதிவாளர் பார்ப்பார். சொத்து உண்மையில் அவருடையதுதானா என்று விசாரித்துத் தீர்ப்பளிக்கும் வேலையை 1908ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையே தெளிவாகச் சொன்னது. ஆகவே தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால், முத்திரைத் தாளும் பதிவு எண்ணும் இருந்தும் வாங்கியவருக்குச் சொத்து கிடைக்காமல் போகலாம்.

'பவர்' பத்திரத்தின் கதையும் இப்படித்தான். முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்கப் பலர் கிரயம் எழுதாமல் பவர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பவரும் விற்பனை ஒப்பந்தமும் கிரயம் ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

3. வில்லங்கச் சான்று: பதிவேட்டில் என்ன இருக்கிறது?

பதிவு வந்ததால்தான் வில்லங்கச் சான்றும் வந்தது. பத்திரங்கள் ஓர் அலுவலகத்தில் வரிசையாகப் பதிவானதால், ஒரு சொத்தின் மேல் எத்தனை கிரயம், எத்தனை அடமானம் என்று தேடிப் பார்க்க முடிந்தது. முன்பு மனுப் போட்டு நாள் கணக்கில் காத்திருந்து வாங்கியதை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம்.

ஆனால் பதிவானது மட்டுமே அதில் வரும். வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினை வராது. பதிவு செய்யாத உயில் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அது தனிப் புத்தகத்தில் இருப்பதால் சான்றில் தெரியாது. வழக்கு நிலுவையில் இருப்பதும் பல நேரம் தெரிவதில்லை. 'வில்லங்கம் இல்லை' என்றால் 'பதிவேட்டில் இல்லை' என்று மட்டுமே பொருள்.

4. வாரிசுச் சான்று: பங்கு யாருக்கெல்லாம்?

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தங்கைக்குள் வழக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்று இறந்தவரின் வாரிசுகள் யார் என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது சொல்லாது. அதைச் சட்டம்தான் சொல்கிறது. அந்தச் சட்டமும் ஒரே தலைமுறைக்குள் பலமுறை மாறிவிட்டது.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகன்களுக்கே இருந்தது. 1989இல் தமிழ்நாடு தன் திருத்தத்தைக் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு அண்ணன் தம்பியோடு சம உரிமை வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே 60 ஆண்டுகள்!

ஒரே வீட்டில் பிறந்த இரண்டு சகோதரிகளை எண்ணிப் பார்க்கலாம். மூத்தவளுக்கு 1988இல் கல்யாணம், இளையவளுக்கு 1990இல். இளையவளுக்குப் பங்கு உண்டு, மூத்தவளுக்கு இல்லை! இந்த வேறுபாட்டை 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம்தான் நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாக முடிந்த பாகப் பிரிவினைகளை மட்டும் இது தொடாது.

"அதான் நகை போட்டுச் சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்பது வீட்டில் சொல்லும் வாதம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதில் எங்கே கையெழுத்துப் போடுகிறோம், எதை விடுகிறோம் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுவது அவளுடைய உரிமை.

முடிவாக

பட்டா வரியைப் பற்றிப் பேசுகிறது. பத்திரம் கைமாறியதைப் பேசுகிறது. வில்லங்கச் சான்று பதிவேட்டைப் பேசுகிறது. வாரிசுச் சான்று குடும்பத்தைப் பேசுகிறது. நான்கும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காக வந்தவை. நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஏமாறும் வாய்ப்பு குறைவு. ஒன்றை மட்டும் நம்பியவர்தான் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு அலைகிறார்.

அப்படி அலைய நேர்ந்தாலும் ஒரு வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள் தங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறும் எத்தனை தங்கைகளுக்கு இது தெரியும்? தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொன்னாலே அது பெரிய உதவிதான்.