டெலஸ்கோப்புக்கு விலை குறைந்த 'வைட் ஆங்கிள்' ஐபீஸ்: டிகிரியைப் பார்க்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஆன்லைனில் முதல் டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் பலர், சில வாரங்களிலேயே அடுத்த கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: கூடவே வந்த ஐபீஸை மாற்றலாமா? தேடினால் 'வைட் ஆங்கிள்', 'அல்ட்ரா வைட்', 66 டிகிரி, 68 டிகிரி, 82 டிகிரி என்று வரிசையாக வந்து விழும். டிகிரி கூடக் கூட விலையும் கூடும். அந்தக் கூடுதல் டிகிரி உங்களுக்குப் பயன்படுமா என்பதை ஐபீஸ் பெட்டியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. டெலஸ்கோப் குழாயில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பார்க்க வேண்டும்.

டிகிரி என்றால் என்ன?

ஐபீஸ் வழியாகப் பார்க்கும்போது இருட்டுக்கு நடுவே ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம் கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதைத்தான் பெட்டியில் உள்ள டிகிரி சொல்கிறது. சாதாரண 'பிளாசல்' வகை ஐபீஸில் இது சுமார் 50 டிகிரி. வானத்தில் எவ்வளவு பகுதி தெரியும் என்பது வேறு கணக்கு. டிகிரியை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அது தோராயமாகக் கிடைக்கும். டெலஸ்கோப்பின் குவிய தூரத்தை ஐபீஸின் குவிய தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும்.

ஆரம்பநிலையில் பலரும் வாங்கும் 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவிய தூரம் கொண்ட நியூட்டோனியன் டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். 6 மி.மீ. ஐபீஸ் போட்டால் சுமார் 108 மடங்கு. பிளாசலில் 0.46 டிகிரி வானம் தெரியும், 66 டிகிரி ஐபீஸில் 0.61 டிகிரி. முழு நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. அதாவது முதலாவதில் நிலாவின் ஓரம் வெட்டுப்படும், இரண்டாவதில் முழு நிலாவும் உள்ளே அடங்கும்.

இதைவிட முக்கியமான லாபம் நேரம்தான். பூமி சுழல்வதால் வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில், அந்தப் பிளாசலுக்குள் வியாழன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 2 நிமிடம்கூட ஆகாது. 66 டிகிரியில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் கிடைக்கும். மொட்டை மாடியில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த அரை நிமிடத்தின் அருமை தெரியும். தானாகவே பின்தொடரும் மோட்டார் இருந்தால், கோள்கள் பார்க்க வைட் ஆங்கிள் அவ்வளவு அவசியமில்லை. வட்டத்தின் நடுவில் நல்ல பிளாசலும் அதே தெளிவைத் தரும்.

குறைந்த விலையில் சிக்கல் எங்கே?

ஓரத்தில். டெலஸ்கோப்பின் குவிய தூரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 650-ஐ 130-ஆல் வகுத்தால் 5. கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான அதே எஃப் எண்தான் இது. எஃப்/5 டெலஸ்கோப்பிலிருந்து ஒளி அகலமான கூம்பாக ஐபீஸுக்குள் வருகிறது. அதை ஓரம் வரை சரியாகக் கையாள நிறைய லென்ஸ்கள் வேண்டும், செலவாகும். மலிவான வைட் ஆங்கிளில் நடுவில் புள்ளியாக இருக்கும் நட்சத்திரம், ஓரத்துக்குப் போனதும் சிறகு விரித்த பறவை மாதிரி இழுபட்டுப் போகும். நியூட்டோனியனின் கண்ணாடியே உண்டாக்கும் 'கோமா' பிழையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எஃப்/10 அல்லது அதற்கு மேல் என்றால் கவலை குறைவு. 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவிய தூரமும் உள்ள லென்ஸ் டெலஸ்கோப், 90 மி.மீ. விட்டமும் 1250 மி.மீ. குவிய தூரமும் உள்ள மாக்சுடோவ் ஆகியவற்றில் மலிவான வைட் ஆங்கிளே நன்றாக நடந்துகொள்ளும். அந்த மாக்சுடோவில் 20 மி.மீ., 66 டிகிரி ஐபீஸ் போட்டால், இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அளவு வானம் தெரியும்.

கடைகளில் தங்க நிற வளையத்தோடு 6, 9, 15, 20 மி.மீ. என நான்கு அளவுகளில் ஒரே குடும்ப ஐபீஸ் பல பிராண்டு பெயர்களில் விற்கிறது. சில பெட்டியில் 66 டிகிரி என்றும் சிலவற்றில் 68 என்றும் இருக்கும். எஃப்/5 வைத்திருப்பவர்கள் இதில் 6 அல்லது 9 மி.மீ. வாங்கலாம். இவற்றின் முன்பக்கத்தில் உள்ள குழி லென்ஸ் தொகுதி ஒளிக்கூம்பை ஒடுக்கிவிடுவதால் ஓரமும் தாங்கும். 15, 20 மி.மீ. ஐபீஸ்களுக்கு அந்த வசதி இல்லை. தவிர, 650 மி.மீ. டெலஸ்கோப்பில் அந்த 20 மி.மீ. காட்டுவது சுமார் 2 டிகிரி. 25 மி.மீ. பிளாசலே 1.9 டிகிரி காட்டிவிடும். கூடுதலாகக் கிடைப்பது 0.1 டிகிரி, அதுவும் இழுபட்ட ஓரம். காசை அதில் போடுவானேன்?

82 டிகிரியைப் பிரபலமாக்கியவர் அல் நாக்லர். அப்பல்லோ விண்வெளி வீரர்களின் நிலவுக்கல பயிற்சிக் கருவிக்கு ஒளியியல் வடிவமைத்தவர். அவரது 'நாக்லர்' ஐபீஸ் எஃப்/5-இல் ஓரம் வரை நட்சத்திரத்தைப் புள்ளியாகவே காட்டும். அதற்கேற்ற விலையும் உண்டு.

கார்த்திகைக் கூட்டம் முழுசாகத் தெரிய?

கார்த்திகை ஏறக்குறைய 2 டிகிரி அகலம். இங்கே குறுக்கே வருவது 1.25 அங்குலக் குழாய். அதற்குள் சுமார் 27 மி.மீ. வட்டத்துக்கு மேல் அடங்காது. அதனால் 32 மி.மீ. பிளாசலும் 24 மி.மீ., 68 டிகிரி ஐபீஸும் காட்டும் வானம் ஏறக்குறைய ஒன்றே: நம் 650 மி.மீ. டெலஸ்கோப்பில் சுமார் 2.4 டிகிரி. வித்தியாசம் பின்னணியில். உருப்பெருக்கம் கூடும்போது வானத்தின் வெளிறிய பளபளப்பு மங்கும். பெங்களூரு, டெல்லி மாடியிலிருந்து பார்ப்பவருக்கு 24 மி.மீ. இதமாக இருக்கும். 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லே மாதிரி இடத்தில் 32 மி.மீ. பிளாசலே போதும், விலையும் குறைவு.

கண்ணாடி போடுபவர்களா?

வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினால் போதும். 'சிலிண்டர்' பவர் அதிகம் இருந்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் கண்ணாடி தேவைப்படும். அப்போது ஐபீஸுக்கும் கண்ணுக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. இடைவெளி வேண்டும். பட்டியலில் 'ஐ ரிலீஃப்' என்று இருக்கும் எண் இதுதான். 6 மி.மீ. பிளாசலில் இது 4 மி.மீ. அளவுதான், இமை முடி லென்ஸில் உரசும். டிகிரியை விட்டுத்தள்ளுங்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே வைட் ஆங்கிள் 6 மி.மீ. வாங்கலாம்.

பார்சல் வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் புள்ளியாக்கி, மெல்ல ஓரத்துக்குத் தள்ளுங்கள். அங்கே மங்கினால் ஃபோகஸைச் சற்றே திருப்புங்கள். மறுபடி புள்ளியானால் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். எவ்வளவு திருப்பியும் கோடாகவே நீண்டால், அந்த ஐபீஸ் உங்கள் டெலஸ்கோப்புக்கு ஒத்துவராது. நடுவிலேயே புள்ளி வரவில்லையென்றால் முதலில் கண்ணாடிகள் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், ஐபீஸைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம்.